சந்தனம் பூசிய பிளாப்பி

“ஈரத்துணி போட்டுக் கம்ப்யூட்டரையே கெடுத்துட்டியே! இன்னியோட உனக்கு வேலை இல்ல!”

ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி தணிகாசலத்தின் கத்தல் தேயிலை ஆலை வரை கேட்டது.

“நான் மேசையத்தான் தொடச்சேன் லா, ஐயா!” ஆபீஸ் கூட்டும் அம்சவல்லியும் குரலைக் குறைக்கவில்லை.

தோட்டத்து ஆள் பதிவெல்லாம் கம்ப்யூட்டரில் செருகியிருந்த அந்த ஒரு பிளாப்பித் தட்டில்தான். தோட்டத்து மேலாளர் துரை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

கிராணிக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த குணசீலன் ஈப்போ டவுனிலிருந்து வந்து பிளாப்பியை உருவினான். இயந்திரம் படிக்கிற திறப்பில் தடிமனாகச் சந்தனம், மேலே குங்குமம்.

“யாரு வச்சது?”

எல்லாரும் கிராணியைப் பார்த்தார்கள். முந்தின நாள் ஆயுத பூஜையை நடத்தியவர் அவர்தான்.

“ஐயா சந்தனம் கரைக்கிறப்பவே நான் காப்பி எடுத்து வச்சிட்டேன், தொரை. எங்க பேச விட்டாரு?”

அம்சவல்லி இன்னொரு பிளாப்பியை இரண்டாவது டிரைவில் போட்டுத் தட்டினாள். திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. பாடம் நடந்தபோது கிராணி தூங்கினார், கூட்டியவள் கற்றுக்கொண்டாள்.

குணசீலனைத் தோட்டத்து ஆட்கள் நாங்கள் எங்களுக்குள் அம்சவல்லிக்குத்தான் பேசி வைத்திருந்தோம். அவனோ கிராணி மகளைக் கட்டினான். கிராணியும் மகளோடு ஈப்போவுக்குக் குடிபோனார். அவர் நாற்காலியில் இப்போது அம்சவல்லி உட்கார்ந்திருக்கிறாள்.