இடது பக்க ரேடியோ

செங்கோடனின் வலது காதில் ஜப்பான்காரர் ஒருவர் கணீரென்று பேசிக்கொண்டிருந்தார். இடது காதில் ஒன்றுமே இல்லை.

போட்டி தொடங்க இன்னும் இருபது நிமிடம். விடியற்காலை ஐந்தரைக்கு உலகத்து அமெச்சூர் ரேடியோக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடத் தொடங்குவார்கள். இரண்டு நாளில் அதிகம் பேரோடு பேசியவருக்குத்தான் வெற்றி.

போன வருடம் வரை அவரிடம் ஒரே ரேடியோ. ஹெட்போனின் இரண்டு பக்கமும் அதே சத்தம்தான் வரும். இந்த முறை இரண்டு ரேடியோ, காதுக்கு ஒன்று. ஒன்றில் கூப்பிட்டுக்கொண்டே மற்றதில் ஆள் பிடிக்கலாம். ஜெயிக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஜெயிக்கிறார்கள்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில், இரைகிற கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்று ஊர் ஊராகப் போர்வெல் போட்ட பதினெட்டு வருட உழைப்பு முழுவதும் இந்த மேஜை மேல்தான் இருந்தது.

இடது ரேடியோவின் சிக்னல் முள் என்னவோ துள்ளிக்கொண்டுதான் இருந்தது. சத்தம்தான் வரவில்லை.

பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினார். கேபிளை மாற்றினார். ஈயம் உருக்கிப் புதிதாகப் பற்ற வைத்தார், விரலையும் சுட்டுக்கொண்டார். ஹெட்போன்தான் போய்விட்டதோ? இந்நேரத்தில் சேலத்தில் எவன் கடை திறந்து வைத்திருப்பான்? நாற்பத்தாறு வயதில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேஜையில் டீ டம்ளரைப் பார்த்த பிறகுதான் மனைவி மலர்விழி வந்து நிற்பதே தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றினார்.

“ஏனுங்க, மூணு தடவ கூப்புட்டாச்சு. காதுலயே உளுகாதுங்களா?”

இரண்டு வருடமாக அவள் பாடுகிற பாட்டுதான் இது. கட்டியவள் கூப்பிட்டால் காதில் விழாத வியாதி எந்த வீட்டு ஆம்பளைக்குத்தான் இல்லை? அவர் அவசரத்தில் ஹெட்போனை இடம் வலமாக மாற்றி மாட்டிக்கொண்டார்.

வலது காதில் இத்தாலிக்காரர் ஒருவர் பேசினார். இடது ரேடியோ! அத்தனை சுத்தமான சத்தம். வந்துவிட்டது என்று கத்த வாயைத் திறந்தார்.

அப்புறம்தான், ஜப்பான்காரரைக் காணோம் என்பது உறைத்தது.

ஹெட்போனைத் திருப்பி மாட்டினார். ஜப்பான்காரர் வந்தார், இத்தாலிக்காரர் போய்விட்டார். மறுபடி திருப்பினார். மறுபடியும்.

கேபிளில் ஒரு குறையும் இல்லை.

மணி ஐந்தரை. இரண்டு முட்களும் ஒன்றாக ஆடத் தொடங்கின. செங்கோடன் ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அந்த முட்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது பக்கம் நின்ற மலர்விழியின் உதடுகள் அசைந்தன.

அவர் வலது காதைத் தொட்டுக் காட்டினார். “இந்தப் பக்கமா வந்து சொல்லு, சாமி.”