கண்ணைப் பார்த்துக் குடி

“கையை எடுங்க எவால். விரல் மேலயா ஊத்தறது?”

குவளையின் வாயை உள்ளங்கையால் மூடியிருந்த எவால் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பரிமாறும் ஊல்லா, ஈரத் துணி சுற்றிய ஸ்னாப்ஸ் சாராயப் புட்டியைச் சாய்த்து, சிறிய குவளையை விளிம்புவரை நிரப்பினாள்.

“எனக்குப் பாதி போதும்னு சொன்னேனே ஊல்லா...”

“ஹெர்ரிங் மீனுக்குப் பாதிக் குவளையா? இத்தனை வருஷமா வர்றீங்க, இன்னிக்குத்தான் புதுசா ஏதோ பேசறீங்க.” முகம் கொடுக்காமல் சொல்லிவிட்டு அடுத்த குவளைக்குப் போய்விட்டாள்.

எதிரே இருந்த தோர்கில் இடிபோலச் சிரித்தார். “கெழவனுக்கு வயசாயிடுச்சு ஊல்லா! அடுத்த வருஷம் இவனுக்குப் பால் புட்டி எடுத்து வை!”

வெர்னரும் ஆஸ்கெரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

நீஹவ்ன் கால்வாயில் சுற்றுலாப் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர்கள் அந்த நால்வரும். வசந்தம் பிறந்ததும் ஒருநாள், கரையோரத்து அதே உணவகத்தில், அதே ஜன்னலோர மேஜையில் பகல் விருந்துக்குக் கூடுவார்கள். காடியில் ஊறிய ஹெர்ரிங், கறுப்பு ரொட்டி, குளிரக் குளிர ஸ்னாப்ஸ். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதை விருந்தென்று அவர்கள் ஒப்புவதில்லை.

எவால் நிரம்பிய குவளையை மெல்லத் தட்டோரம் தள்ளிவைத்தார்.

அவர் குடியை விட்டு நான்கு மாதங்கள் ஆகின்றன. நண்பர்களிடம் சொல்லவில்லை, வெட்கம். நாளைக் காலை ஓடென்ச நகரிலிருந்து மகள் மெரெட்ட, பிறந்து ஆறே வாரமான குழந்தையோடு வருகிறாள். பேத்தியை அவர் இன்னும் பார்த்ததில்லை. “ஒரு வாய் குடிச்சீங்கன்னு தெரிஞ்சாலும் வாசலோட திரும்பிடுவேன்பா. எம் பொண்ணை உங்க கையில தரமாட்டேன்” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அவளைக் குறைசொல்ல முடியாது. சிறுமியாய் இருந்தபோது அவள் கண்டது அப்படி.

இன்று வராமலேயே இருந்திருக்கலாம். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று மூவரும் வீட்டுக்கே வந்து நிற்பார்கள்.

“ஸ்கோல்!” என்று வாழ்த்துச் சொல்லித் தோர்கில் குவளையை உயர்த்தினார்.

எவாலின் பார்வை ஜன்னலுக்கு ஓடியது. வெளியே வண்ண வீடுகளுக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுத்துக்கொண்டிருந்தது ஒரு கூட்டம். எழுந்துபோய் அதில் கரைந்துவிடலாமா?

“எங்கடா பார்க்கறே? படகு எங்கேயும் ஓடிப்போகாது. கண்ணைப் பாருடா! கண்ணைப் பார்த்துக் குடி, குடிச்சிட்டு மறுபடியும் பாரு. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?” என்று அதட்டினார் தோர்கில்.

“எம் பெஞ்சாதி இந்நேரம் ரெண்டு குவளை முடிச்சிருப்பா” என்றார் ஆஸ்கெர்.

இவர்களா நண்பர்கள்? ‘ஆண்டவரே, இந்த ஒரு பகலைக் கடத்திவிடும்’ என்று நெஞ்சுக்குள் இறைஞ்சினார் எவால்.

மூன்று ஜோடிக் கண்கள் காத்திருந்தன. ‘வேண்டாம்’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. உதடு திறந்ததோ குவளைக்காக. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் கவிழ்த்தார்.

நெஞ்சு எரியவில்லை. ஸ்னாப்ஸுக்கே உரிய சோம்பின் நெடி இல்லை.

பச்சைத் தண்ணீர்!

திடுக்கிட்டு ஊல்லாவைப் பார்த்தார். அவள் அடுத்த மேஜையில் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், திரும்பவே இல்லை. இந்தக் கடுகடுப்புக்காரிக்கா இத்தனை இரக்கம்? குடிக்கத் துணிந்துவிட்டோமே என்ற வெட்கம் அவரைச் சுட்டது. விழுந்தவனைத் தரை தொடுமுன் தாங்கிய அருளை எண்ணியபோது கண் கலங்கியது.

“ஹா!” என்று முகத்தைச் சுளித்துத் தொண்டையைச் செருமினார். “என்ன காட்டம்டா!”

“கண்ணுல தண்ணியே வந்திடுச்சு பாரு! ஊல்லா, இன்னொரு சுத்து!” என்றார் தோர்கில்.

அடுத்தடுத்த சுற்றுகளில் எவாலுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. கேட்டு வாங்கிக் குடித்தார். நாக்குக் குழறுவதுபோல் நடித்தார். தனக்கு மட்டும் எப்போது புட்டியை மாற்றுகிறாள் என்று கூர்ந்து பார்த்தும் பிடிபடவில்லை.

தோர்கில் பழைய மாலுமிப் பாட்டொன்றைச் சுருதியில்லாமல் கத்தினார். வெர்னர் கறுப்பு ரொட்டியைக் காதில் வைத்து, “ஹலோ, துறைமுக அலுவலகமா?” என்றார். ஆஸ்கெர், எவாலின் தோளில் சாய்ந்து, “நீ நல்லவன்டா” என்று விக்கி விக்கி அழுதார்.

பாவம், எழுபது வயதில் இந்தக் கோலம் என்று எவால் இரங்கினார். போன ஆண்டுவரை தாமும் இப்படித்தான் என்பது நினைவுக்கு வந்தது. இப்போது இல்லை என்பதில் உள்ளூரச் சற்றுப் பெருமையும்.

உண்டு முடித்து மூவரும் தோளோடு தோள் பிணைந்து, வாசற்படியில் இடறி, வெளியே போனார்கள். எவால் மேலங்கியைத் தேடுவதுபோல் பின்தங்கினார்.

“ஊல்லா, நீ செஞ்சதை உயிர் இருக்கறவரைக்கும் மறக்கமாட்டேன். நாளைக்கு எம் பேத்தியைத் தூக்கப்போறேன்னா அது உன்னாலதான். அந்தக் குடிகாரப் பசங்களுக்கு மட்டும் இது தெரிய வேணாம்.”

மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த ஊல்லாவின் கை நின்றது.

“நான் என்னங்க செஞ்சேன்? உங்க மக தோர்கில்கிட்ட போன்ல அழுதிருக்கு. வேணாம்னு சொல்ல உங்களுக்கு வாய் வராது, நாலு பேர் நடுவுல சொல்லவெச்சு உங்களைக் கூச வைக்கவும் கூடாதுன்னு, காலையில கதவு திறக்கறதுக்கு முன்னாடியே மூணு பேரும் வந்து நின்னு, உங்களுக்குத் தண்ணிதான் ஊத்தணும்னு சொல்லிட்டுப் போனாங்க.”

எவால் ஜன்னல் வழியே பார்த்தார். கரையில் மூவரும் ஒருவரை ஒருவர் தாங்கியபடி தள்ளாடிக்கொண்டிருந்தார்கள்.

“மூணு பேருமா? அப்போ... அவங்க குடிச்சது?”

“அவங்களும் குழாய்த் தண்ணிதாங்க! இன்னும் உங்க முன்னாடி தள்ளாடிட்டு நிக்கறாங்க. சீக்கிரம் போங்க, பாவம், கால் வலிக்கும்.”