பதினேழு இன்ச் அக்கறை

"இதை விடப் பெரிய ஸ்கிரீன் இல்லையா தம்பி?"

யோகராஜ் நாலாவது தடவையாகக் கேட்டார். ஹுஸ்னி நாலாவது தடவையாகச் சிரித்தான். மாத்தளை டவுனில் லெப்டொப் கடை வைத்திருப்பவனுக்கு மூலதனமே அந்தச் சிரிப்புதான்.

"இதுக்கு மேல பெருசுன்னா டீவிதான் ஐயா. இது பதினேழு இன்ச்."

யோகராஜ் நம்பவில்லை. சாண் வைத்து அளந்து பார்த்தார்.

"சரி, இதையே போடுங்க. புள்ளைக்குக் கண்ணு முக்கியம்."

புள்ளை துஷாரா. ஏலெவல் பரீட்சை எழுதி முடித்தவள். விலைச்சீட்டில் மூக்கு உரசுமளவு குனிந்து வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுல மெமரி எட்டு ஜீபிதானே? திங்கக்கெழமை எடிட்டிங் கோர்ஸ் தொடங்குது. பதினாறு இல்லாம வராதீங்கன்னுட்டாங்க. இதுல வீடியோவைப் போட்டா நம்ம கோயில் தேர் மாதிரி நின்னு நின்னுதான் போகும்."

"மெமரியைப் பொறவு போட்டுக்கலாம். கண்ணு போனா போட முடியுமா?"

என்ன பேச்சு! ஹுஸ்னிக்குப் புல்லரித்தது. மற்ற அப்பாமார் "ஆகக் கொறஞ்சது எது?" என்று கேட்டுக்கொண்டேதான் கடைப்படி ஏறுவார்கள்.

"அண்ணே, பதினாலு இன்ச்சுல, பதினாறு ஜீபியோட ஒன்னு காட்டுங்க," என்றாள் துஷாரா. "மிச்சக் காசுல எனக்கு வேற ஒரு சாமான் வாங்கணும்."

"துஷாரா!" யோகராஜ் பல்லைக் கடித்தார். "அந்தப் பேச்சு வீட்டுலயே முடிஞ்சிருச்சு."

"நீங்க முடிச்சீங்க. நான் முடிக்கல."

வேறு என்ன சாமான், புதுப் போன்தான். இதைக் கண்டுபிடிக்க ஹுஸ்னிக்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை.

"தங்கச்சி, இப்பிடி ஒரு வாப்பா கெடைக்கக் குடுத்து வச்சிருக்கோணும்."

"வேணும்னா நீங்க கூட்டிட்டுப் போங்கண்ணே."

நாக்கைப் பாரு! அந்த மனுசனுக்காகவே ஹுஸ்னி பதினேழு இன்ச் ஸ்கிரீனில் கண் கூசாத ஷீட் ஒன்றை இனாமாக ஒட்டினான். வெளிச்சத்தைக் குறைத்தான். எழுத்தைப் பெரிதாக்கினான். புத்தியும் சொன்னான்.

"இருவது நிமிசத்துக்கு ஒருக்கா, தூரத்துல உள்ள எதையாவது பாருங்க தங்கச்சி."

"பார்த்தா தெரியணுமே," என்றாள் அவள்.

திமிர்தான். ஹுஸ்னி பில் போட்டான்.

"ஐயா, வொரண்டி நம்பர் தாறேன். பில்லுல எடமில்ல, எழுத ஏதாச்சும் தாள் இருந்தாக் குடுங்க."

யோகராஜ் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். வெறும் பக்கத்தைத் தேடி ஹுஸ்னி அதை விரித்தான்.

கண் டொக்டர் எழுதிய சீட்டு. மேலே துஷாராவின் பெயர். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் மூன்று. திகதி, ஜனவரி. இப்போது ஜூலை.

"ஐயா... இது தங்கச்சிக்கு எழுதின கண்ணாடி. இன்னும் செய்யலியா?"

"நான் சொன்ன சாமான் அதுதாண்ணே," என்றாள் துஷாரா.

யோகராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"ஆவணியில பொண்ணு பார்க்க வர்றாங்க தம்பி. கண்ணாடி போட்டதை எவன் கட்டுவான்?"

சொல்லிவிட்டு, மூக்கு நுனிக்குச் சரிந்திருந்த தன் சோடாப்புட்டிக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, பில்லைச் சரிபார்க்கத் தொடங்கினார்.