மிதி, பிடி, விடு

காலையிலிருந்து பிக்அப் வண்டிக்கு அடியில்தான் கிடக்கிறான்.

எஞ்சின் ஆயில் மாற்றியாகிவிட்டது. கியர் ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றினான். ரேடியேட்டரில் கூலண்ட் நிரப்பினான். பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளையை வெந்நீர் விட்டுக் கழுவினான். சக்கரத்து நட்டுகளை முறுக்கினான். ஒரு பீடியைப் பற்றவைத்து, பாதியில் அணைத்துவிட்டு, முறுக்கிய நட்டுகளையே மறுபடியும் முறுக்கினான்.

மணி மூன்று.

பிரேக் ஆயில் ஒன்றுதான் மிச்சம்.

நாளைக்குச் சிறுமலை ஏற வேண்டும். வாழைத்தார் லோடு. விபத்துக்குப் பிறகு இந்த இரண்டு மாதத்தில் வண்டி மலைப்பக்கமே போகவில்லை.

மற்ற வேலைகளை ஒற்றை ஆளாகச் செய்துவிடலாம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து, பழைய ஆயிலையும் அதோடு சேர்ந்த காற்றையும் வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் பிரேக் பிடிக்காது.

எப்போதும் மிதிப்பவன் காசிராஜன். மனைவி ஜெயக்கொடியின் தம்பி.

அவன் நத்தத்தில் அம்மா வீட்டில் படுத்திருக்கிறான். தொடை எலும்பில் கம்பி. விபத்தன்று வண்டியை ஓட்டியவன் அவன்தான்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் முன்பக்கத்து நெளிவை எடுத்தபோது, பிரேக்கையும் பார்த்துவிடலாமா என்று கேட்டார்கள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இவன்தான் சொல்லிவிட்டான். 

ஜெயக்கொடி டீ கொண்டுவந்தாள். பானெட்டின் மேல் வைத்தாள். கீழே கிடந்த டியூபையும் காலி பாட்டிலையும் பார்த்தாள்.

"நான் மிதிக்கட்டுமா?"

"வேணாம். நீ போ."

அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் சொல்லிக்கொடுத்தான். மிதின்னா மிதிக்கணும். பிடின்னா அப்படியே அழுத்திப் பிடிக்கணும். விடுன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது.

பின்சக்கரத்தை ஒட்டி மல்லாந்து படுத்தான்.

"மிதி."

"பிடி."

நிப்பிளைத் திறந்தான். டியூப் வழியே ஆயில் இறங்கியது. வரக்காப்பி நிறம். நடுநடுவே குமிழிகள்.

மூடினான்.

"விடு."



"பெடல் அடி வரைக்கும் போகுதுங்க."

"நிப்பிளைத் திறந்தா போகத்தான் செய்யும்."

மறுபடியும் மிதித்தாள்.

"நீங்க திறக்குறதுக்கு முன்னாடியே போகுது."

 ஸ்பேனர் வழுக்கியது. துணியில் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் துடைத்தான்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் காசி சொன்னது அதுதான். மிதிச்சேன்க்கா, பிடிக்கல.

யாரும் நம்பவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருப்பாய் என்று முதலில் திட்டியவள் ஜெயக்கொடிதான். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மூன்றாம் நாள் காசியே ஒப்புக்கொண்டான். நான்தான் வேகமா இறக்கிட்டேன் போல.

இவன் அப்போது கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தான். கையில் இளநீர். அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

ஜெயக்கொடி வண்டியிலிருந்து இறங்கினாள். சக்கரத்துப் பக்கம் வந்து குந்தினாள். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

அடிபட்டதில் ஆகியிருக்கும் என்று சொல்லிவிடலாம். தொண்டை வரைக்கும் வந்தது. அவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நம்பிவிடுவாள்.

"அவன் எடுத்துட்டுப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, எனக்கும் ஒரு வளைவுல பெடல் இப்படித்தான் இறங்குச்சு. திரும்பத் திரும்ப மிதிச்சதும் பிடிச்சுக்கிச்சு. முகூர்த்த நாளு. லோடு முடியட்டும், ஆயில மாத்திக்கலாம்னு விட்டுட்டேன்."

"அவன்கிட்ட சொன்னீங்களா?"

"பார்த்துப் போ மாப்ளன்னு சொன்னேன்."

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். சிந்தாமல் வைத்தாள்.

கத்துவாள் என்று காத்திருந்தான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தான்.

அவள் திரும்ப ஏறி உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க, மிதிக்கிறேன்."

நாலு சக்கரத்துக்கும் ஒரு மணி நேரம் ஆனது. அந்த மூன்று வார்த்தைகளைத் தவிர இருவரும் எதுவும் பேசவில்லை. ஒரு தடவை 'விடு' என்று சொல்ல மறந்துபோனான். அவள் காலை எடுக்கவில்லை. கால் நடுங்குவது வண்டியின் தகரத்தில் கேட்டது.

கடைசிச் சக்கரத்தில் ஆயில் தெளிந்து வந்தது. குமிழி இல்லை.

அவள் ஓங்கி மிதித்துப் பார்த்தாள்.

"இப்ப நிக்குது."

நின்றது. அவன் எழுந்து வந்தான். சாமான்களைப் பெட்டியில் போட்டான். எடுத்தான். வேறு வரிசையில் போட்டான்.

பின்னால் ஜெயக்கொடி போன் பேசும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டியா தம்பி? … கால் வலி எப்படி இருக்கு? … இரு, மச்சான் உன்கிட்ட ஏதோ பேசணுமாம்."

அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். முழங்கை வரைக்கும் ஆயில்.

அவள் பக்கத்தில் வந்து, போனை அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மறுமுனையில் காசி தொண்டையைச் செருமிக்கொண்டான். யாரோ திட்டப்போகிறார்கள் என்று தெரிந்தவனைப் போல.

"மாப்ள," என்றான் அவன்.

"சொல்லுங்க மச்சான்."