அவன் நெட்டுக்கு வரணும்

ஊரிலிருந்து வந்த அக்கா பையைக் கீழே வைத்த பிறகும், தங்கையும் அவள் கணவரும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை.

“வாக்கா, உட்காரு. அவன் லேப்டாப்பை ஆன் பண்றானான்னு பார்த்துட்டு இருக்கோம்.”

தங்கை மொழிபெயர்ப்பாளர். நாவலின் கடைசி அத்தியாயங்கள் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. அவற்றை முடித்த அன்று வீட்டில் நெட் இல்லாததால் கிளவுடுக்குப் போய்ச் சேரவில்லை.

“அவன் ஒரு தடவை நெட்டுக்கு வந்தா போதும். ஃபோல்டர்ல இருக்கிறதெல்லாம் தானா இங்கே வந்துடும்” என்றார் கணவர்.

வெளியூரில் படிக்கும் மகன் அம்மாவின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று அக்காவுக்குத் தோன்றியது.

“ஒரு போன் போட்டுச் சொல்ல வேண்டியதுதானே?”

“நம்பர் தெரியாதேக்கா.”

“நம்பரை மாத்திட்டு உன்கிட்ட சொல்லலையா? அவ்வளவு கொழுப்பா?”

தங்கை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரையில் அத்தியாயங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“வந்துடுச்சு! எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும்!”

“இப்படிச் செல்லம் கொடுத்துத்தான் பையனைக் கெடுத்து வச்சிருக்கே!” அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பையனா? அவன் லீவுக்கு வந்து மாடியில தூங்கறான். இது போன வாரம் நம்ம ஜன்னலை உடைச்சு லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போனவன்க்கா.”

கணவர் அவசரமாகச் சட்டையை மாட்டினார்.

“இனிமே போலீஸ்ல சொல்லலாம்ல?”