காணாமல் போன பச்சைப் பூட்டு

மாலை வெயில் கணினித் திரையில் விழுந்து கண் கூசுகிறது. தன் ஸ்கேன் முடிவு வந்திருக்கும் பக்கத்தைத் திறக்கப் பார்க்கிறார் என் கணவர். பிரவுசரில் அவரே காவலுக்கு வைத்த பாதுகாப்பு எக்ஸ்டென்ஷன் மறிக்கிறது. நேற்றுவரை சிவப்புப் பூட்டைத் தட்டினால் பச்சையாகி வழிவிடும். இன்று புது வடிவமாம். பூட்டையே காணோம், எல்லாம் சாம்பல் நிறப் புள்ளிகள். "நல்லா இருந்த வீட்டுக்கு வாசலை மாத்தி வெச்சிருக்கானுங்க, பாரு!" என்கிறார். "வீட்டுக்காரரையே உள்ள விடலையாக்கும்?" என்கிறேன். அவர் சிரிக்காமல் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்கிறார். அவர் மறைந்த பிறகும் அந்தச் சட்டை மட்டும் இன்னும் என் அலமாரியில் தொங்குகிறது. கடைசிப் புள்ளியின் ஓரத்தில் 'அனுமதி' என்று பொடி எழுத்தில் இருப்பது என் கண்ணில் படுகிறது. நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவர் அந்தப் பூட்டையே திட்டிக்கொண்டிருக்கட்டும்.