வரிசையின் கடைசியில் நின்றது

“அதக் கொன்னுட்டு வா, சாப்பிடப் போலாம்” என்றார் வக்கீல்.

வக்கீல் என் பக்கத்து இருக்கைக்காரர். எதற்கும் ஓர் எதிர்வாதம் வைத்திருப்பார் என்பதால் அந்தப் பெயர். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் நிரலை நிறுத்துவதை எங்கள் தொழிலில் கொல்வது என்றுதான் சொல்வோம். அதில் ஈவிரக்கம் பார்க்கும் வழக்கமில்லை.

எனக்குக் கை வரவில்லை.

காலையில் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவு டாக்டர் கூப்பிட்டு என்னைப் பிடிபிடியென்று பிடித்திருந்தார். நாங்கள் புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்ததிலிருந்து படங்கள் ஆடி அசைந்து வருகின்றனவாம். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் பழையதையே போட்டுவிடச் சொன்னார்.

புதியதில் இருந்த மாற்றங்களைப் பாதி பாதியாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பழி அவற்றை எழுதியவர்களில் பாதிப் பேரை விட்டு நகர்ந்தது. கடைசியில் என் தலையில் வந்து விடிந்தது. ஷெட்யூலரில் நான் செய்த மாற்றம்.

எந்த நிரல் எப்போது ஓடலாம் என்று முறை பிரித்துக் கொடுப்பதுதான் ஷெட்யூலரின் வேலை. பழையது அவசரக்காரர்களையே கவனித்துக்கொண்டிருந்தது. வரிசையில் நிற்பது யாராக இருந்தாலும் அடியோடு பட்டினி போடாதே, ஒரு வாயாவது கொடு என்று நான் எழுதியிருந்தேன். ஒரு வருஷ உழைப்பு. அது குப்பைக்குப் போகப் போகிறது.

அந்த ஒரு வாயை வாங்கிக்கொள்வது யார்?

ஆஸ்பத்திரி இயந்திரத்தின் ஒரே ஒரு நொடியை எடுத்துத் திரையில் விரித்தேன்.

விரித்ததும் வந்த வேலை மறந்துபோயிற்று. கண் இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான கைமாற்றங்கள். ஒன்று எழுந்துகொள்ள ஒன்று உட்கார்கிறது. முண்டியடிப்பு இல்லை, முணுமுணுப்பு இல்லை. ஒரே குளியலறைக்கு நானும் நாத்தனாரும் என் வீட்டுக்காரரும் தினமும் அடித்துக்கொள்ளும் வீடு எங்களுடையது. அப்படிப்பட்ட மனிதர்கள் சேர்ந்து இதைக் கட்டியிருக்கிறோம் என்பதை நம்பவே முடியவில்லை.

அந்தக் கூட்டத்தின் கடைசியில் இருந்தது அது.

பழைய படங்களை எடுத்துப் புரட்டும் ஏதோ ஒரு நிரல். எல்லோரும் ஓய்ந்திருக்கும்போது மட்டும் ஓடு என்று சொல்லி எவரோ நிறுவிவிட்டுப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரி என்றைக்கு ஓய்ந்தது? இயந்திரம் எழும்போதெல்லாம் அதுவும் எழுந்து, வரிசையில் நின்று, ஒரு தடவைகூட உள்ளே போகாமலே இருந்திருக்கிறது. பழைய பதிவுகளில் அது ஓடிய நேரம் வெறும் பூஜ்யம்.

இப்போது என் புண்ணியத்தில் முதன்முதலாகச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. கொலைப்பசி. அது ஒவ்வொரு வாய் எடுக்கும்போதும் மற்றவர்களுக்குக் கொஞ்சம் தள்ளிப்போகிறது. அவ்வளவுதான் மந்தத்தின் ரகசியம்.

கொன்றால் படங்களும் வேகமாக வரும், என் மாற்றமும் பிழைக்கும். வக்கீல் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தவனை எழுப்புவதா? கையிலிருக்கும் படத்தையாவது முடிக்கட்டும் என்றேன். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

ஃபோன் அடித்தது. எக்ஸ்ரே டாக்டர். காலையில் கேட்ட குரல்தானா என்று சந்தேகம் வந்தது, அவ்வளவு தணிந்திருந்தது.

“உங்க மிஷின் போன வருஷம் ஒரு அம்மாவுக்கு எடுத்த படத்துல தானா வட்டம் போட்டுக் காட்டுதும்மா. நுரையீரல்ல சின்னதா ஒரு புள்ளி. அன்னிக்கு நாங்க ரெண்டு பேர் பாத்தும் கண்ணுல படல.”

வேகம் கிடக்கட்டும், அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார். அந்த அளவிலேயே பிடித்தால் அறுத்து எடுத்துவிடலாமாம்.

வரிசையின் கடைசியில் நின்றது பழைய படங்களை எதற்காகப் புரட்டுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு வருஷம் என்பது அந்தப் புள்ளிக்கு எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியாது. படத்துக்கு உரியவர் என்ன ஆனார் என்று கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

அந்த வீட்டுக்கு ஃபோன் போட்டார்களாம். வெகுநேரம் மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். வைத்துவிடலாம் என்று நினைத்தார்களாம்.

அந்தம்மாவே எடுத்தாராம்.